செல்போன் வழியாகப் பிள்ளைகளை அணுகுவோர் குறித்து

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

காலாண்டு விடுமுறையில் பிள்ளைகள் கையில் செல்போன் அதிக நேரம் இருக்கும். தீவிரவாதக் கும்பல்கள் இணையத்தில் ஆள் பிடிக்கும் விதத்தை இப்போதே உங்களிடம் சொல்லிவிட வேண்டும். மதம், சாதி, இனம் என எந்தப் பெயரில் வந்தாலும் வழி பெரும்பாலும் ஒன்றுதான்.

எடுத்த எடுப்பில் யாரும் வெறுப்பைப் பேசுவதில்லை. பெருமை பேசும் ரீல்ஸ், மீம்ஸ், 'நம்மவங்களுக்கு நடந்த அநியாயத்தைப் பாரு' என்று ஒரு வீடியோ. பிள்ளை கமெண்ட் போட்டால் தனியாகச் செய்தி வரும்: 'சரியா சொன்ன தம்பி.' மார்க் குறைந்து வீட்டில் திட்டு வாங்கிய பிள்ளைக்கு அந்த ஒரு வரி போதும். கேம் வாய்ஸ் சாட்டிலும் இப்படித்தான் பழகுகிறார்கள். பிறகு டெலிகிராமில் சிறு குழு, தானாக அழியும் செய்திகள், 'வீட்டில் சொல்லாதே' என்ற கட்டளை. அடுத்து சின்னச் சின்ன வேலைகள்: இதைப் பத்துப் பேருக்கு அனுப்பு, உன் நம்பரில் கணக்கு தொடங்கிக் கொடு. அதைச் செய்தபின் 'நீயும் மாட்டிக்குவ' என்று மிரட்டுவார்கள்.

'நேற்று வேலூரில் நடந்தது' என்று ஒரு வீடியோ வந்தால் பிள்ளையோடு உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கடைப் பலகைகள் எந்த மொழியில் இருக்கின்றன? வண்டிகளில் வேலூர்ப் பதிவான டிஎன் 23 உண்டா, எல்லாமே வேறு மாநிலப் பதிவா? பழைய வீடியோவுக்குப் புதுத் தலைப்பு வைப்பதுதான் இவர்களின் முக்கியத் தந்திரம்.

கண்டிப்பதற்காகக்கூட அப்படி வந்த வீடியோவை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேரைக் கொன்றவன் அதை ஃபேஸ்புக்கில் நேரலையாகக் காட்டினான். நேரலையில் பார்த்தவர்கள் 200 பேருக்கும் குறைவு. ஆனால் முதல் 24 மணி நேரத்தில் அந்நிறுவனம் நீக்கிய பிரதிகள் 15 லட்சம். பரப்பியது பிறர் கைகள்தான்.

நீங்கள் உள்ளே வந்ததும் திரையை மாற்றுவது, இரண்டாவது கணக்கு, பழைய நண்பர்களை ஒதுக்குவது, பேச்சில் ஓயாமல் 'நாம', 'அவனுங்க' என்று வருவது: இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் கவனியுங்கள்.

அப்போதும் செல்போனைப் பிடுங்காதீர்கள். 'உன் வீட்டில் உன்னைப் புரிஞ்சிக்க மாட்டாங்க' என்று ஆள் பிடிப்பவன் முன்பே சொல்லி வைத்திருப்பான். பிடுங்கினால் அது உண்மையாகிவிடும். சாப்பிட்ட பிறகு, 'இதை யார் அனுப்பினாங்க, உனக்கு என்ன தோணுது' என்று கேட்டு, முழுதும் பேச விடுங்கள். பயனர் பெயர், லிங்க், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகே பிளாக் செய்யுங்கள். முதலில் அழித்துவிட்டால் போலீசாருக்குப் பிடி கிடைக்காது. வாட்ஸ்அப்பில் பிரைவசி, குரூப்ஸ் என்று போய் 'மை காண்டாக்ட்ஸ்' வையுங்கள்; டெலிகிராமிலும் இதே வசதி உண்டு. யூடியூப்பில் பார்த்த வரலாற்றை அழித்தால் அதே வகை வீடியோக்கள் வருவது குறையும்.

மிரட்டல் இருந்தால் தாமதிக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள், அல்லது மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குச் செல்லுங்கள். முதலில் என்னிடம் பேச நினைத்தால், பள்ளி நாட்களில் மாலை 4.30 முதல் 5.30 வரை என் அறையில் இருப்பேன். பிள்ளையை வகுப்பில் நிறுத்தி விசாரிக்க மாட்டோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
வேலூர்