கொட்டையை மாற்றும் முன் சல்லடையைக் கழற்று

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் உன் வேலையும் நலம் என்று படித்ததில் நிம்மதி. ஆனால் கடிதத்தின் பின்பாதி முழுவதும் எஸ்பிரெசோ இயந்திரத்தைப் பற்றிய கவலையாகவே இருந்தது. கொஞ்ச நாளாகக் காபி கசக்கிறது, கொட்டையை மாற்றியும் அதே கசப்புதான் வருகிறது, இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வாங்காதே. உன்னிடம் கொடுக்கும் வரை அதைப் புழங்கியவள் நான்; அதன் போக்கு எனக்குத் தெரியும். எந்தக் கொட்டையைப் போட்டாலும் கசப்பு மட்டும் மாறாமல் வருகிறது என்றால் கோளாறு கொட்டையில் இல்லை, கொட்டையின் சாறு கடந்து வரும் வழியில் இருக்கிறது.

இயந்திரம் நன்றாக ஆறியபிறகு மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, போர்ட்டாஃபில்டர் (தூள்கூடை பொருத்திய கைப்பிடி) மாட்டும் இடத்தை, அதாவது குரூப் ஹெட்டை, அடியிலிருந்து ஒரு சிறு கண்ணாடி பிடித்துப் பார். வட்டமான சல்லடை ஒன்று தெரியும். ஷவர் ஸ்கிரீன் என்பது அதுதான். அதன் நடுவில் இருக்கும் திருகைக் கழற்றினால் சல்லடை கையோடு வந்துவிடும். திருப்பிப் பார்த்தால் அதன் முதுகில் பழுப்பும் கறுப்புமாக ஒரு பசை அப்பியிருக்கும். விரலால் வழித்து முகர்ந்து பார். காபி மணம் இராது. சிக்குப் பிடித்த எண்ணெயின் வாடைதான் இருக்கும். நீ குடிக்கும் ஒவ்வொரு கோப்பைக்கும் வெந்நீர் அந்தப் பசையின் வழியாகத்தான் இறங்குகிறது.

அது அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதைப் புரிந்துகொண்டால், எதைக் கழுவ வேண்டும் என்பதை யாரும் சொல்லாமலே நீ அறிந்துகொள்வாய். தூளுக்கு மேலே ஏறக்குறைய 9 பார் அழுத்தத்தில், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் ஒன்பது மடங்கில், வெந்நீரைத் தள்ளுவதால்தான், சாதாரண முறைகளில் அவ்வளவாகக் கரைந்து வராத எண்ணெய்ப் பசையெல்லாம் எஸ்பிரெசோவில் சேர்ந்து வருகிறது. இத்தாலியில் 1901-ஆம் ஆண்டு லுய்ஜி பெட்சேரா காப்புரிமை பெற்ற இயந்திரம் நீராவியின் அழுத்தத்தை மட்டுமே நம்பியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அக்கில்லே காஜ்ஜியா நெம்புகோலும் பிஸ்டனும் வைத்து அழுத்தத்தைப் பல மடங்கு கூட்டியபோதுதான், கோப்பையின் மேல் பொன்னிறமாகப் படரும் கிரெமா என்ற நுரை எல்லோர் கண்ணிலும் பட்டது. 1961-இல் வந்த ஃபேமா ஈ61 அந்த வேலையை மின்பம்பிடம் ஒப்படைத்தது. உன் சமையல் மேடையில் இருப்பதும் அந்த வம்சத்தின் சின்ன இயந்திரம்தான்.

இனி அழுக்கின் கதைக்கு வருகிறேன். கோப்பை நிறைந்து நீ பொத்தானை அணைத்த கணத்தில் தூளுக்கு மேலே அழுத்தம் அப்படியே தேங்கி நிற்கும். அதை வெளியேற்றுவதற்காகக் குரூப் ஹெட்டுக்குப் பின்னால் மின்சாரத்தால் திறந்து மூடும் மூன்று வழி சோலனாய்டு வால்வு ஒன்று இருக்கிறது. அணைத்ததும் ‘புஸ்’ என்று ஒரு சத்தம் கேட்டு, கீழ்த் தட்டில் கலங்கல் நீர் கொட்டுகிறதே, அது அந்த வால்வின் வேலை. அப்போது நீர் வந்த வழியிலேயே திரும்பி ஏறுகிறது. ஏறும்போது நைந்த தூளையும் எண்ணெயையும் சல்லடைக்கு மேலே இழுத்துக்கொண்டு போகிறது. ஒவ்வொரு கோப்பைக்கும் இது நடக்கிறது. நாள் முழுவதும் சூட்டிலேயே கிடப்பதால் அந்த எண்ணெய் விரைவில் காறிப்போகிறது. பழைய எண்ணெய்ச் சட்டியைக் கழுவாமல் அதிலேயே மறுபடியும் மறுபடியும் சமைப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

ஆகவே காபி இறக்கியவுடன், கோப்பையைக் கையில் எடுக்கும் முன்பாகவே, தூள் வில்லையைத் தட்டிக் கொட்டிவிடு. வடிகூடையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, போர்ட்டாஃபில்டரை முழுவதும் பூட்டாமல் தளர்வாக மாட்டி, தண்ணீரைத் திறந்தபடியே இடமும் வலமுமாக அசைத்துக் கொடு. விளிம்பில் ஒட்டிய தூளெல்லாம் கழன்று ஓடிவிடும். வெந்நீர் தெறிக்கும் என்பதால் கையைத் தள்ளியே வைத்துக்கொள். இதற்கு அரை நிமிடம் கூட ஆகாது. காலையில் அவசரமாகக் கிளம்புகிறவன் நீ என்பது எனக்குத் தெரிந்தாலும், மாலையில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தூளை அப்படியே பூட்டிவைத்துவிட்டுப் போகும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடு என்று கேட்டுக்கொள்கிறேன். ஈரத்தூள் சூட்டில் கிடந்து ரப்பர் வளையத்தோடு ஒட்டிக்கொண்டால் சுரண்டி எடுப்பது பெரும்பாடு.

வாரம் ஒருமுறை பேக்ஃப்ளஷ், அதாவது நீரைப் பின்னோக்கிப் பாயவிட்டுக் கழுவுவது, செய்ய வேண்டும். துளையில்லாத கூடையைப் போர்ட்டாஃபில்டரில் வைத்து, எஸ்பிரெசோ இயந்திரத்துக்கென்றே விற்கும் துப்புரவுத் தூளை அரைத் தேக்கரண்டி போட்டுப் பூட்டு. பம்பைப் பத்து வினாடி ஓடவிட்டு, பத்து வினாடி நிறுத்து. நான்கைந்து முறை இப்படிச் செய்தால், போகும் வழி இல்லாத நீர் வால்வின் வழியாகவே திரும்பிப் பாய்ந்து, அங்கே ஒட்டியிருக்கும் பசையைக் கரைத்துக்கொண்டு தட்டில் வந்து விழும். முதலில் தேநீர் நிறத்தில் வரும். பிறகு தூளில்லாமல் வெறும் நீரால் அதையே திரும்பச் செய்து, வருவது தெளிந்த நீர்தான் என்று உறுதியானபிறகே நிறுத்து. மூன்று வழி வால்வு இல்லாத இயந்திரங்களும் உண்டு; அவற்றில் இதைச் செய்யவே கூடாது, அழுத்தம் வெளியேற வழியின்றி உள்ளேயே நிற்கும். உன்னுடையதில் வால்வு இருக்கிறது, பயப்படாதே.

அதே தூளை வெந்நீரில் கலந்து, சல்லடையையும் கூடைகளையும் போர்ட்டாஃபில்டரின் உலோகப் பகுதியையும் அரைமணி நேரம் ஊறவிடு. கைப்பிடி நனையக் கூடாது. அலுமினியத்தால் ஆன எதையும் அந்த நீரில் போடாதே. தூளின் காரத்தன்மை அதை அரித்துக் கறுப்பாக்கிவிடும்.

பாலுக்கு வருகிறேன். நுரைத்து முடித்த நீராவிக் குழாயை ஆறவிட்டால் உள்ளே இருக்கும் நீராவி சுருங்கி நீராகும். அந்த வெற்றிடத்தை நிரப்ப, நுனியில் இருக்கும் பால் உள்ளே இழுபட்டுப் போகும். வெளியே துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பவர்கள் வீட்டிலும் குழாய்க்குள் பால் புளித்துக் கிடப்பதற்குக் காரணம் இதுதான். பாத்திரத்தை எடுத்த கையோடு ஈரத்துணியால் துடைத்து, ஒரு நொடி நீராவியைத் திறந்து ஊதிவிட்டால் அந்தத் தொல்லையே இல்லை. பாலை 60 முதல் 65 டிகிரி வரை சூடாக்கினால் போதும்; அதற்கு மேல் போனால் இனிப்பும் குறையும், குழாயில் பாலும் காய்ந்து பிடித்துக்கொள்ளும்.

உப்புப் படிவு வேறு சங்கதி. பலரும் இதையும் காபிப் பசையையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். காபிப் பசையைக் கரைப்பது காரத்தன்மை கொண்ட துப்புரவுத் தூள். கொதிகலனில் படியும் சுண்ணாம்பைக் கரைப்பது சிட்ரிக் அமிலம் போன்ற ஓர் அமிலம். ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது. கடின நீர் ஊற்றினால் சூடேற்றியின் மேல் சுண்ணாம்பு கட்டி, வெப்பம் நீருக்குப் போய்ச் சேராமல் தடைபடும். கட்டியிலிருந்து உதிரும் துணுக்குகள் நுண்ணிய வழிகளை அடைக்கும். வந்தபின் கரைப்பதைவிட வராமல் பார்த்துக்கொள்வதே மேல் என்பதால், வடிகட்டி மென்மையாக்கிய நீரையே ஊற்று. அதற்காகக் காய்ச்சி வடித்த நீரை ஊற்றிவிடாதே. தாது உப்பே இல்லாத நீரில் காபிக்குச் சுவை வராது என்பதோடு, நீர்மட்டத்தை மின்கடத்தல் மூலம் அறியும் உணரிகள் அந்த நீரைக் கண்டுகொள்ளாமலும் போகலாம். வினிகர் ஊற்றிக் கழுவலாம் என்று யாராவது சொன்னால் தலையாட்டாதே, அதன் வாடை போவது எளிதல்ல. எந்த அமிலம், எவ்வளவு என்பதற்குக் கையேட்டில் இருப்பதையே கேள்.

இவ்வளவும் செய்தபிறகுதான் காபியின் அளவுகளில் கை வைக்க வேண்டும். 18 கிராம் தூளுக்கு 36 கிராம் காபி, 25 முதல் 30 வினாடிக்குள் இறங்கட்டும். புளிப்பாக, நீர்த்தாற்போல் விரைவாக ஓடிவந்தால் இன்னும் நைசாக அரை. சொட்டுச் சொட்டாக இறங்கிக் கசந்தால் சற்றுக் கரகரப்பாக அரை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்று, இல்லாவிட்டால் எதனால் சரியானது என்று தெரியாமல் போகும். தூளைச் சமமாகப் பரப்பி, டேம்பரை, அதாவது தூளை அமுக்கும் கட்டையை, சாயாமல் நேராக அழுத்து. ஒரு பக்கம் தளர்ந்திருந்தால் நீர் அந்த இடத்தைத் துளைத்துக்கொண்டு ஓடும். அப்போது ஒரே கோப்பையில் புளிப்பும் கசப்பும் சேர்ந்தே வரும். வறுத்த அன்றே கொட்டையைத் திறக்காமல் ஒரு வாரம் பொறுத்துக்கொள், உள்ளே இருக்கும் கரியமில வாயு அடங்கட்டும். கிரைண்டரையும் மறக்காதே; அதன் பற்களுக்கிடையில் தங்கும் பழைய தூளும் இதே சிக்கு வாடையைத்தான் கொடுக்கும், அதற்கு நீர் வேண்டாம், உலர்ந்த தூரிகையே போதும்.

சல்லடையைக் கழற்றும்போது அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையத்தை, அதாவது கேஸ்கெட்டை, நகத்தால் அழுத்திப் பார். நகம் பதியாமல் கல்லாக இருந்தாலோ, போர்ட்டாஃபில்டரின் பிடி முன்பு நின்ற இடத்தைத் தாண்டிப் போய் நின்றாலோ, விளிம்பில் நீர் கசிந்தாலோ, அதை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று பொருள். பழையதைக் குத்தூசியால் நெம்பி எடு. எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று பார்த்து வைத்துக்கொள். அந்தப் பள்ளத்தில் தங்கியிருக்கும் தூளைச் சுத்தமாகத் துடைத்தபிறகே புதியதைப் பொருத்து. வாங்கும் முன் அதன் உள்விட்டம், வெளிவிட்டம், கனம் மூன்றையும் மில்லிமீட்டரில் அளந்து எனக்கு எழுது, கழற்றிய சல்லடையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பு. அளவைப் பார்த்துச் சரியானதை நானே வாங்கி அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா