தாலந்துக்கு எத்தனை கிலோ?

பாளையங்கோட்டை

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. மதினிக்கு முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று அறிந்து இங்கே எல்லோருக்கும் நிம்மதி. மாடிப்படி ஏறுவதற்கு அவசரப்படுத்தாதே. சின்னவளுக்குத் தூத்துக்குடிக்கு மாற்றலாகிவிட்டது. பேரன் எங்களோடு இருந்து படிக்கிறான். வீடு மறுபடியும் கலகலவென்று இருக்கிறது.

பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸைத் தமிழில் கொண்டுவரும் வேலையை நீ தொடங்கிவிட்டாய் என்பதுதான் இந்த ஆண்டில் நான் கேட்ட மிக நல்ல செய்தி. கல்லூரி நாட்களிலிருந்தே நீ சொல்லிக்கொண்டிருந்த காரியம் அல்லவா! "எடைக்கற்களைச் சோதித்து முத்திரை வைக்கும் ஆய்வாளராக இருந்தவன் நீ. ஒரு தாலந்து எத்தனை கிலோ என்று அடிக்குறிப்பில் போட ஓர் எண் சொல்" என்று கேட்டிருக்கிறாய். ஒற்றை எண்ணைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பழைய ஏதென்ஸில் எடைக்கும் பணத்துக்கும் இதே பெயர்கள்தான்: ஆறு ஓபோல் ஒரு திராக்மா, நூறு திராக்மா ஒரு மினா, அறுபது மினா ஒரு தாலந்து. ஆகவே தாலந்துக்கு 6,000 திராக்மா. இதில் யாருக்கும் தகராறு இல்லை. கிராமுக்கு வரும்போதுதான் தகராறு. ஆய்வாளர்கள், ஆந்தை உருவம் பொறித்த நான்கு திராக்மா வெள்ளி நாணயங்களில் தேயாதவற்றை நிறுத்துப் பார்க்கிறார்கள். முள் 17.2 கிராம் வாக்கில் நிற்கிறது. நான்கால் வகுத்தால் திராக்மா 4.3 கிராம், மினா 430 கிராம், தாலந்து 25.8 கிலோ. ஒரு கையேட்டில் 25.86 என்றும் இன்னொன்றில் 26.2 என்றும் பார்த்து நீ குழம்பியதற்குக் காரணம் இதுதான். திராக்மாவை 4.31 என்று வைத்தவருக்கு முதல் எண், 4.37 என்று வைத்தவருக்கு இரண்டாவது எண். திராக்மாவில் 0.01 கிராம் ஏறினால் தாலந்தில் 60 கிராம் ஏறிவிடும். அடிப்படை அளவே இப்படி அசையும்போது, மேலே புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் எழுதுவது நியாயமில்லை.

ஏதென்ஸின் சந்தைவெளியான அகோராவில், தோலோஸ் என்ற வட்டக் கட்டிடத்தருகே கிடைத்த மூன்று வெண்கல எடைக்கற்களைப் பார். கி.மு. 500 வாக்கைச் சேர்ந்தவை. ஏதென்ஸ் மக்களின் பொதுச்சொத்து என்று அவற்றில் எழுதியிருக்கிறது. படிக்கத் தெரியாதவனும் அறிந்துகொள்ள உருவங்களும் உண்டு. ஸ்டேட்டர் என்ற எடையின் முழுக்கல்லுக்குப் பகடையாக உருட்டும் கணுக்கால் எலும்பு, கால் பங்குக்குக் கேடயம், ஆறில் ஒரு பங்குக்கு ஆமை. எடைகள் 795, 190, 126 கிராம். கேடயக் கல்லை நான்கால் பெருக்கினால் 760, ஆமைக் கல்லை ஆறால் பெருக்கினால் 756. முழுக்கல்லோ 795! அரசாங்கக் கற்களுக்குள்ளேயே நூற்றுக்கு ஐந்து பங்கு வித்தியாசம். என் மேஜைக்கு வந்திருந்தால் முத்திரை வைத்திருக்க மாட்டேன். ஆனாலும் அந்தக் காலத்து ஆட்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் மண்ணில் கிடந்த உலோகம் அரித்துக் குறையும், களிம்பு பிடித்துக் கூடும். ஈயக் கற்கள் இன்னும் மோசம்.

இதற்கு மேல், ஒரே ஊரில் இரண்டு மினா புழங்கின. கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் இறுதி வாக்கில் ஏதென்ஸ் இட்ட ஆணை ஒன்று கல்வெட்டாகக் கிடைத்திருக்கிறது. கடைத்தெரு மினா நாணயச்சாலை எடையில் 138 திராக்மா இருக்க வேண்டும். அதற்கு மேல் 12 திராக்மா கொசுறாக வாங்குபவனுக்குச் சேர வேண்டும். தராசுக்கோல் 150 திராக்மாவில் சமமாக நிற்க வேண்டும். வெள்ளி எடையில் விற்கவேண்டும் என்று தனியே சொல்லப்பட்ட பொருள்களுக்கு மட்டும் விலக்கு. கணக்குப் போட்டுப் பார்: வெள்ளி மினா 430 கிராம், கடைத்தெரு மினா 593 கிராம், வாங்குபவன் பைக்குள் போவது 645 கிராம். மூலக்கற்களை ஏதென்ஸிலும் பிரேயஸ் துறைமுகத்திலும் எலூசிஸிலும் பொது அடிமைகள் காக்க வேண்டும் என்றும் அதிலேயே விதி இருக்கிறது. இந்த ஆணையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும். வாங்குபவனுக்காக இவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறார்கள்.

ஊர் மாறினால் எடையும் மாறும். கி.மு. 420-இல் ஏதென்ஸ், ஆர்கோஸ், மான்டினேயா, எலிஸ் ஆகிய நான்கு கிரேக்க நகரங்களும் செய்த உடன்படிக்கை உன் நூலிலேயே வரும். காலாள் வீரனுக்கு நாளுக்கு மூன்று ஏஜினா ஓபோல் (ஏஜினா என்ற தீவின் எடைமுறை), குதிரை வீரனுக்கு ஓர் ஏஜினா திராக்மா. ஏஜினா திராக்மா ஏறத்தாழ 6.1 கிராம். 4.3-ஐ வைத்துப் பெருக்கினால் வீரன் படியில் நூற்றுக்கு முப்பது பங்கை நீயே பிடித்துக்கொண்டதாக ஆகும்.

இனி உனக்கு வேண்டியதற்கு வருகிறேன். கிலோ எங்கே உதவும், எங்கே உதவாது என்று பார்த்துப் போடு. அத்தீனா தேவி சிலையில் 40 தாலந்து பொன் இருக்கிறது, கழற்றி எடுக்கலாம் என்று ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளீஸ் சொல்லும் இடத்தில் எடைதான் பேச்சு. "ஒரு டன்னுக்குச் சற்று மேல்" என்று எழுது. 1,034.4 கிலோ என்று எழுதிவிடாதே. நட்பு நாடுகள் ஏதென்ஸுக்குக் கட்டும் கப்பம் ஆண்டுக்கு 600 தாலந்து என்று வருமிடத்தில் அது தொகை. 36 லட்சம் திராக்மா என்பதே வாசகனுக்குப் பயன்படும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் ஆறாம் புத்தகத்தில் இருக்கிறது. கி.மு. 415-இல் சிசிலித் தீவிலுள்ள எகெஸ்தா நகரத்துத் தூதர்கள் ஏதென்ஸுக்கு 60 கப்பல்களுக்கு ஒரு மாதச் சம்பளமாக, நாணயமாக அடிக்காத வெள்ளி 60 தாலந்து கொண்டுவருகிறார்கள். கப்பலுக்கு ஒரு தாலந்து, அதாவது 6,000 திராக்மா. மூன்று வரிசைத் துடுப்புகள் கொண்ட போர்க்கப்பலில் 200 பேர், முப்பது நாள். ஆளுக்கு நாளுக்கு ஒரு திராக்மா, துல்லியமாக வந்து நிற்கிறது. வெள்ளியின் எடை ஒன்றரை டன் என்றும் எழுதலாம். ஆனால் துடுப்பு வலித்தவனின் கூலியை வாசகன் காண வேண்டுமானால் இந்த வகுத்தலை அடிக்குறிப்பில் அவசியம் காட்டு.

பழைய கிரேக்கக் கவி ஹோமரிலிருந்து எங்காவது மேற்கோள் சேர்ப்பதாக இருந்தால் 26 கிலோவை அங்கே கொண்டுபோகாதே. அவருடைய இலியட் காவியத்தின் தேர்ப்போட்டியில் மூன்றாம் பரிசு ஒரு கொப்பரை, நான்காம் பரிசு இரண்டு தாலந்து பொன். 52 கிலோ பொன் கொப்பரைக்குப் பின்னால் நிற்குமா? அது வேறு தாலந்து, மிகச் சிறியது.

இரண்டாம் புத்தகம் முடிந்ததும் தட்டச்சுப் பிரதியை அனுப்பு. எண் வரும் இடங்களில் பென்சிலால் கோடிட்டு வை. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் திருப்பி அனுப்புகிறேன். தை பிறந்ததும் நீயும் மதினியும் வாருங்கள், குற்றாலத்தில் இரண்டு நாள் தங்கலாம்.

அன்புடன்,
நாராயணன்