இரண்டாம் எண்ணுக்கு மேல் இருந்த குறி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலம்தானே? போனில் பேசினால் உனக்கு ஏதாவது வேலை குறுக்கே வந்துவிடுகிறது, நானும் பாதியில் விட்டுவிடுகிறேன். அதனால் நீ கொடுத்துவிட்டுப் போன லேப்டாப்பிலேயே இதைத் தட்டச்சு செய்து அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை நிதானமாக உட்கார்ந்து படி.

போன மாதம் மூன்று தடவை உன்னைக் கூப்பிட்டு, லேப்டாப் பாஸ்வேர்டை ஏற்க மாட்டேன் என்கிறது என்றேன். மூன்றாம் தடவை நீ, "அம்மா, நீதான் மாத்தி மாத்தி அடிக்கிற. ஞாபகம் நிக்கலன்னா எழுதி வெச்சுக்கோ" என்றாய். கோபத்தில் சொல்லவில்லை, தெரியும். மறுநாள் உன் தம்பி வந்து, "அக்கா சொல்லுச்சு, எதுக்கும் நரம்பு டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிருவோம்மா" என்றான். உங்கள் இரண்டு பேர் மனதிலும் என்ன ஓடுகிறது என்று அப்போதுதான் புரிந்தது.

அம்மாச்சியின் கடைசி நான்கு வருஷத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்த பிள்ளைகள் நீங்கள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் போய் நின்றதையும், என்னையே "நீ யாரு வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டதையும் மறக்க முடியுமா? எனக்கும் அந்தப் பயம் வந்தது, பாப்பா. உன்னிடம் சொல்லவில்லை. இரண்டு ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. படுத்துக்கொண்டே பாஸ்வேர்டை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். பத்து எழுத்து, நடுவில் ஒரு @. எத்தனை தடவை சொன்னாலும் ஒரே மாதிரிதான் வந்தது. ஆனால் காலையில் எழுந்து அதையே அடித்தால் தவறு என்கிறது. மத்தியானம் அடித்தால் திறக்கிறது.

மறதியாக இருந்தால் எப்போதும்தானே மறக்க வேண்டும் என்று என்னைத் தேற்றிக்கொள்ளவும் முடியவில்லை. அம்மாச்சிக்கும் அது வந்து வந்துதானே போனது? காலையில் என்னைத் தெரியாது, சாயங்காலம் பேர் சொல்லிக் கூப்பிடுவார். உட்கார்ந்து யோசித்துத் தீர்க்கிற காரியம் இல்லை இது என்று தோன்றியது. நான் பாடம் எடுத்த தட்டச்சு இன்ஸ்டிட்யூட்டில் மிச்சமான வருகைப் பதிவேடு ஒன்று பரணில் கிடந்தது. எடுத்துக் கோடு போட்டேன். தேதி, மணி, அப்போதுதான் ஆன் செய்ததா அல்லது எழுந்து போய்விட்டுத் திரும்பி வந்ததா, எந்தக் கீபோர்டு, திறந்ததா இல்லையா. ஒவ்வொரு தடவையும் அடித்த கையோடு எழுதினேன். பிறகு எழுதலாம் என்று விட்டால் ஞாபகத்தை நம்ப வேண்டிவரும். அந்த ஞாபகத்தைத்தானே இப்போது சோதிக்கிறோம்?

எந்தக் கீபோர்டு என்று ஏன் எழுதினேன் என்றால், லேப்டாப்பின் கட்டைகள் எனக்கு ரொம்ப மெலிசு. முப்பத்தோரு வருஷம் தட்டச்சு இயந்திரத்தில் பழகிய விரல்களுக்கு, கொஞ்சமாவது அமுங்குகிற கட்டை வேண்டும். அதனால் தம்பி டவுன்ஹால் ரோட்டில் வயர் இல்லாத கீபோர்டு ஒன்று வாங்கித் தந்தான். பெரும்பாலும் அதில்தான் அடிப்பேன். காலையில் அவசரமாக ஏதாவது பார்க்க வேண்டும் என்றால் மட்டும் லேப்டாப்பை மடியில் வைத்து அதன் கட்டையிலேயே அடித்துவிடுவேன்.

முதலில் எல்லோரும் சொன்னது கேப்ஸ் லாக். அது போட்டிருந்தால் திரையே எச்சரிக்கிறது, ஒரு தடவைகூட அப்படி வரவில்லை. அப்புறம் எண் கட்டைகளுக்கான நம் லாக் (Num Lock). எதிர்வீட்டுத் தம்பி கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான் அல்லவா, அவன் சொன்னான். சில சின்ன லேப்டாப்களில் நம் லாக் போட்டால் யு, ஐ, ஓ மூன்றும் 4, 5, 6 ஆகிவிடுமாம். ஜே, கே, எல் 1, 2, 3 ஆகும், எம் பூஜ்யமாகும். பாஸ்வேர்டு பெட்டியில் எல்லாம் வெறும் புள்ளியாகத் தெரிவதால் நமக்குத் தெரியவே தெரியாது. நம் லேப்டாப்பில் அந்த ஏற்பாடு இல்லை. அவன், "ஆன்ட்டி, நாலு எண்ணில் பின் நம்பர் போட்டுத் தர்றேன், பிரச்சினை முடிஞ்சிரும்" என்றான். நல்ல பிள்ளை. ஆனால் எனக்குத் திறப்பதைவிட ஏன் திறக்கவில்லை என்பதுதான் முக்கியமாக இருந்தது. பின் நம்பர் போட்டிருந்தால் லேப்டாப் திறந்திருக்கும், என் பயம் அப்படியே இருந்திருக்கும். இப்போது வேண்டாம்ப்பா என்று சொல்லிவிட்டேன்.

நான்காம் நாள் ஒன்றைக் கவனித்தேன். பாஸ்வேர்டு பத்து எழுத்து, பெட்டியில் ஒன்பது புள்ளிதான் இருந்தது. உடனே பதிவேட்டில் புள்ளிகளுக்கு இன்னொரு கட்டம் போட்டேன். வயர் இல்லாத கீபோர்டு கொஞ்ச நேரம் தொடாமல் இருந்தால், பேட்டரியை மிச்சப்படுத்தத் தானாகத் தூங்கிவிடுகிறது. அப்போது முதல் கட்டையை அமுக்கினால் அது விழிப்பதற்கே சரியாகப் போய்விடுகிறது, எழுத்து போய்ச் சேர்வதில்லை. தூங்குகிற ஆளைத் தட்டி எழுப்பிவிட்டு அதே மூச்சில் செய்தியைச் சொன்னால் முதல் வார்த்தை காதில் விழாது அல்லவா, அந்த மாதிரி. இப்போதெல்லாம் முதலில் ஷிஃப்டை ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். அந்தத் தவறு நின்றுவிட்டது.

சரி, கண்டுபிடித்துவிட்டோம் என்று சந்தோஷப்பட்டேன். மறுநாள் காலையில் பத்துப் புள்ளியும் முழுசாக இருக்க, மறுபடி தவறு என்றது. அன்றைக்குத்தான் ரொம்ப உடைந்து போனேன். உன் அப்பா படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு குறைகள் ஒன்றாகப் பின்னிக் கிடந்திருக்கின்றன, பாப்பா. ஒன்றைச் சரிசெய்தாலும் மற்றது அப்படியே இருப்பதால், செய்தது பலிக்கவில்லை என்றுதான் மனது நினைக்கும். பதிவேடு இல்லாவிட்டால் நானும் அப்படித்தான் நினைத்து விட்டிருப்பேன்.

பதினாறு நாள் எழுதினேன். மொத்தம் 41 தடவை அடித்திருக்கிறேன், 13 தடவை திறக்கவில்லை. அந்த 13-இல் நான்கு, புள்ளி குறைந்தவை. மிச்சம் ஒன்பதை மட்டும் தனியாக எடுத்து எழுதிப் பார்த்தேன். ஒன்பதும் லேப்டாப்பை அப்போதுதான் ஆன் செய்த நேரம். ஒன்பதும் வயர் இல்லாத கீபோர்டு. ஆன் செய்தவுடன் லேப்டாப்பின் சொந்தக் கட்டையில் அடித்தது ஐந்து தடவை, ஐந்தும் திறந்திருக்கிறது. நடுவில் சாதம் வடிக்க எழுந்து போய்விட்டுத் திரும்பி வந்து அடித்ததில், புள்ளி குறையாத ஒன்றுகூடத் தவறு என்று வரவில்லை. இப்படி வரிசையில் வந்து நிற்குமா மறதி? அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது எனக்கு உடம்பே லேசானது மாதிரி இருந்தது.

அடுத்த நாள் காலையில் வயர் இல்லாத கீபோர்டில் பாஸ்வேர்டை அடித்துவிட்டு என்டர் தட்டாமல் நிறுத்தினேன். பெட்டியின் ஓரத்தில் சின்னதாக ஒரு கண் படம் இருக்கும், பார்த்திருப்பாய். அதை அமுக்கினால் புள்ளிகளுக்குப் பதில் அடித்த எழுத்துகள் தெரியும். அமுக்கினேன். எல்லா எழுத்தும் சரி. @ இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் இரட்டை மேற்கோள் குறி நின்றது.

அதைப் பார்த்த கணமே எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டுக்கு மேலே மேற்கோள் குறி! நம் ரெமிங்டன் தட்டச்சு இயந்திரத்தில் அது அங்கேதான் இருந்தது. எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் முடித்து, எண் வரிசைக்கு வந்ததும் முதலில் கேட்பார்கள், "டீச்சர், மேற்கோள் எங்கே?" "ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு இரண்டை அடி" என்பேன். லோயர் தேர்வுக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையர் தேர்வுக்கு 45 என்று ஓட்டும்போது அந்த விரல் தானாக அங்கே போகும்.

பழைய கைத்தட்டச்சு இயந்திரங்களில் பெரும்பாலும் அந்த ஏற்பாடுதான். 1961-இல் ஐபிஎம் கொண்டுவந்த மின்தட்டச்சு இயந்திரத்தில் இரண்டுக்கு மேல் @ ஏறியது. அமெரிக்கக் கணினிக் கட்டைகள் அந்த வழியில் போயின. இங்கே கடையில் விற்பவையும் அதே மாதிரிதான். பிரிட்டனிலோ இரண்டுக்கு மேல் மேற்கோளை அப்படியே வைத்துக்கொண்டார்கள். @ அங்கே என்டருக்குப் பக்கத்தில், ஒற்றை மேற்கோள் கட்டையின் மேல் இருக்கும். மூன்றுக்கு மேல் பவுண்டு குறி. நீ தினமும் லீட்ஸில் அந்தக் கட்டையில்தான் அடிக்கிறாய், உனக்கே தெரியும். அந்த லேப்டாப் அங்கே வாங்கியதுதானே?

நடந்தது இதுதான். ரூபாய்க் குறி வேண்டும் என்று நான் கேட்டதால், எதிர்வீட்டுத் தம்பி இந்திய ஆங்கிலக் கீபோர்டு அமைப்பைப் புதிதாகச் சேர்த்து, கூடவே தமிழும் போட்டுக் கொடுத்தான். உள்ளே நுழைந்த பிறகு லேப்டாப் அந்த அமைப்பில் ஓடுகிறது, எழுந்து போய்விட்டு வந்தாலும் அதிலேயே நிற்கிறது. ஆனால் ஆன் செய்தவுடன் வருகிற முதல் திரை மட்டும் பழைய பிரிட்டன் அமைப்பிலேயே இருந்திருக்கிறது. கட்டையின் மேல் என்ன அச்சிட்டிருக்கிறது என்று கணினிக்குத் தெரியாது. எந்த இடத்துக் கட்டை அமுங்கியது என்பது மட்டும்தான் அதற்குப் போகும், அது எந்தக் குறி என்று உள்ளே இருக்கிற அமைப்பு முடிவு செய்யும். மற்ற எழுத்துகளை நான் பார்க்காமலே அடிப்பேன். இந்த @ மட்டும் நான் பழகாத குறி, அதற்காக மட்டும் குனிந்து பார்ப்பேன். லேப்டாப் கட்டையைப் பார்த்தால் ஓரிடம், கடைக் கட்டையைப் பார்த்தால் வேறிடம். இரண்டிலும் நான் பார்த்து அடித்தது சரிதான்.

சரிசெய்ததையும் சொல்லிவிடுகிறேன், உன் சிநேகிதிகள் யாராவது இப்படி அப்பா அம்மாவுக்கு லேப்டாப் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் உதவும். செட்டிங்ஸில் மொழிப் பக்கத்துக்குப் போய்ப் பிரிட்டன் அமைப்பை நீக்கினேன். மறுநாள் காலையில் மறுபடி அதே தவறு! நாம் நீக்குவது நம் கணக்குக்கு மட்டும்தான், முதல் திரைக்குத் தனி அமைப்பு இருக்கிறது. அதே இடத்தில் நிர்வாக மொழி அமைப்புகள் என்று ஒன்று இருக்கும். அதில் நம் அமைப்பை நகலெடுக்கச் சொல்லி, வரவேற்புத் திரை என்ற இடத்தில் டிக் போட வேண்டும். போட்டேன். அத்தோடு பாஸ்வேர்டையும் மாற்றினேன். குறியே இல்லாமல், எழுத்தும் எண்ணும் மட்டும், ஆனால் முன்பைவிட நல்ல நீளம். எழுத்தும் எண்ணும் இரண்டு அமைப்பிலும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. இன்றோடு இருபத்திரண்டு நாள், ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

இனி உன் விஷயம். வாரத்துக்கு இரண்டு தடவை ஆபீஸ் கணக்கு பூட்டிக்கொள்கிறது, யாரோ உள்ளே நுழையப் பார்க்கிறார்களோ என்று பயமாக இருக்கிறது என்றாயே, அது என் மனதிலேயே நிற்கிறது. எதிர்வீட்டுத் தம்பியிடம் கேட்டேன். ஆபீஸ் பாஸ்வேர்டை மாற்றிய பிறகு, பழைய போனோ டேப்லெட்டோ பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு நமக்குத் தெரியாமலே மெயிலுக்கோ வைஃபைக்கோ தட்டிக்கொண்டே இருக்குமாம். தப்பான முயற்சிகள் ஒரு கணக்கைத் தாண்டியதும் ஆபீஸ் கணினி பூட்டிவிடும். நீ ஒன்றும் செய்யாமலே பூட்டிக்கிடக்கும். பொங்கலுக்கு வந்தபோது பழைய போனைப் பிள்ளைகளுக்குப் பாட்டுக் கேட்கக் கொடுத்துவிட்டேன் என்றாய். அதில் ஆபீஸ் மெயில் இன்னும் இருக்கிறதா என்று பார். பிள்ளைகள் அந்தப் போனை எடுக்கிற நாளும் உன் கணக்கு பூட்டுகிற நாளும் ஒன்றா என்று ஒரு வாரம் தேதி எழுதிப் பார். அது இல்லை என்றால் ஆபீஸில் கணினி பார்ப்பவர்களிடம் சொல், எந்தக் கருவியில் இருந்து தப்பான முயற்சி வருகிறது என்று அவர்களால் பார்க்க முடியுமாம். நீயாக ராத்திரி விழித்துக்கொண்டு பயந்துகொண்டு இருக்காதே.

டாக்டர் விஷயத்தில் உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நீ பயந்தது பாசத்தில்தான். வருஷா வருஷம் சர்க்கரை பார்க்கப் போகும்போது ஞாபகத்தைப் பற்றியும் கேட்டுவிடுகிறேன், தம்பியையும் கூட வரச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அடுத்த தடவை எனக்கு ஏதாவது தப்பினால், முதலில் என்னிடம் கேள். தம்பியிடம் அப்புறம் சொல்லலாம்.

புதுப் பாஸ்வேர்டை இதில் எழுதவில்லை. ஒரு தாளில் எழுதி, கவரில் போட்டு ஒட்டி, பீரோவில் நகைப் பெட்டிக்குக் கீழே வைத்திருக்கிறேன். தம்பிக்கும் இடம் தெரியும். நிஜமாகவே எனக்கு மறக்கிற நாள் வந்தாலும் நீங்கள் அலைய வேண்டாம்.

அன்புடன்,
அம்மா