பக்கத்துக் கட்டடத்துக்கும் ஒரு வார்த்தை

செர்ட்-இன் (கணினித் தாக்குதல்களைக் கவனிக்கும் இந்திய அரசு அமைப்பு) அதிகாரிகளுக்கு,

வணக்கம். நாகர்கோவிலில் ஒரு சிறு அலுவலகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன் நான். ஓரிடத்தில் தாக்குதல் நடந்தால் பக்கத்து இடங்களுக்கும் உடனே எச்சரிக்கை போக வேண்டும் என்று கேட்கவே இந்தக் கடிதம். கூடங்குளம் எங்களுக்குப் பக்கம்தான். 2019 அக்டோபர் 29 அன்று அணுமின் நிலையம் விட்ட மறுப்பறிக்கை நினைவிருக்கும்: கட்டுப்பாட்டுக் கணினிகள் வெளி இணைப்பே இல்லாதவை, சைபர் தாக்குதலுக்கு வழியே இல்லை. (ஈரானின் நதான்ஸ் அணு நிலையமும் வெளி இணைப்பு இல்லாததுதான். ஸ்டக்ஸ்நெட் என்ற நச்சு நிரல் அங்கேயும் நுழைந்தது.) மறுநாளே இந்திய அணுமின் கழகம் மால்வேர், அதாவது நச்சு நிரல், இருந்தது உண்மை என்றது. நிர்வாக வேலைக்கான இணையத் தொடர்புள்ள ஒரு கணினியில். அணு உலைப் பக்கம் அது போகவில்லை. செப்டம்பர் 4-ஆம் தேதியே நீங்கள் தகவல் சொல்லிவிட்டதாகவும் அதே அறிக்கையில் இருந்தது.

ஆக, உங்கள் கண்ணில் குறையில்லை. ஆனால் ஊருக்குத் தெரிய எட்டு வாரம் ஆனது, அதுவும் ட்விட்டரில் கசிந்த பிறகு. ஆய்வாளர்கள் அந்த மால்வேரை டிட்ராக் என்றார்கள். அதே டிட்ராக் இந்திய நிதி நிறுவனங்களிலும் ஆய்வு மையங்களிலும் இருப்பதாக காஸ்பர்ஸ்கை என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அந்தச் செப்டம்பரிலேயே எழுதியிருந்தது. ஒரே திருடன், பல வீடு.

2007-இல் எஸ்டோனியாவின் வங்கிகளும் நாளேடுகளும் இணையம் வழியே தாக்கப்பட்டபோது அந்நாடு அதை ஒளிக்கவில்லை. அடுத்த ஆண்டே நேட்டோவின் சைபர் பாதுகாப்பு மையம் அந்நாட்டின் தலைநகர் தாலினில் அமைந்தது.

எங்கள் கதை சின்னது. கணக்குப் பிரிவில் ஒருவர் 'இன்வாய்ஸ்' என்று வந்த மின்னஞ்சலைத் திறந்தார். மதியத்துக்குள் எல்லாக் கோப்புகளும் பூட்டிக்கொண்டன. சாயங்காலம் டீக்கடையில் பக்கத்துக் கட்டடத்து கம்ப்யூட்டர்காரரிடம் புலம்பினேன். "எங்களுக்கும் போன வாரம் இதேதான் அண்ணாச்சி. வெளிய சொல்லக் கூடாதுன்னு மேனேஜர் சொல்லிட்டாரு" என்றார். போனை எடுத்துக் காட்டினார். அனுப்பிய முகவரியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

தாக்குதல் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று 2022 ஏப்ரலில் உத்தரவிட்டீர்கள். நல்ல உத்தரவு. ஆனால் அது மேலே போகும் வழி. கீழேயும் பக்கவாட்டிலும் அதே வேகத்தில் ஒரு வழி வேண்டும். பாதிக்கப்பட்டவரின் பெயர் வேண்டாம்; மானம் போகும் என்றுதான் பலர் வாயை மூடுகிறார்கள். தாக்குபவரின் மின்னஞ்சல் முகவரி, ஐபி எண் (இணையத்தில் அவர் கணினியின் எண்), அனுப்பிய கோப்பின் அடையாளம் போதும். உங்கள் எச்சரிக்கைகளை நான் படிக்கிறேன். கணக்குப் பிரிவுக்காரர் படிக்க அவை தமிழிலும் வேண்டும்.

அதுவரை நாங்கள் சும்மா இல்லை. சனிக்கிழமைதோறும் அதே டீக்கடையில் சந்தேக முகவரிகளை ஒரு நோட்டில் எழுதி மாற்றிக்கொள்கிறோம். போன மாதம் மூன்றாவதாக ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்காரரும் சேர்ந்தார்.

இப்படிக்கு,
நாகர்கோவிலிலிருந்து ஒரு கணினிப் பராமரிப்பாளர்