கோயில் தரையை உயர்த்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஊர்க் கோயிலில் திருப்பணி என்றாலே இப்போது முதலில் வந்து நிற்பது டைல்ஸ் லாரிதான். பிரகாரத்தில் முழ உயரத்துக்கு மண்ணைக் கொட்டி, மேலே கிரானைட்டையோ டைல்ஸையோ பதித்து, குடமுழுக்குக்குப் பத்திரிகை அடித்துவிடுகிறார்கள். எங்கள் பக்கத்துச் சோழர் காலக் கோயில் ஒன்றில் இப்படித்தான் அதிட்டானத்தின், அதாவது சுவரைத் தாங்கும் அடிப்பீடத்தின், கீழ்ப்பட்டையான ஜகதி முழுக்கத் தரைக்குள் போய்விட்டது. அதிலிருந்த கல்வெட்டு வரிகளும் கூடவே போயின.

அடிப்பகுதிதானே, போனால் போகிறது என்பவர்கள் ஒருமுறை புள்ளமங்கைக்குப் போய் வரலாம். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் சாலையில், அய்யம்பேட்டைக்கு முன்னால் பசுபதிகோவில் என்ற ஊரில் இருக்கிறது அந்தச் சிவன் கோயில். சம்பந்தர் பாடிய ஆலந்துறை இதுதான். முதலாம் பராந்தகன் காலத்துக் கற்றளி (கல்லால் கட்டிய கோயில்); அதாவது பெரிய கோயிலுக்குச் சுமார் நூறு வருடம் மூத்தது. கருவறையைச் சுற்றி அகழி போலப் பள்ளம் விட்டிருப்பதால், அதிட்டானம் அடி முதல் அப்படியே கண்ணுக்குத் தெரிகிறது. குனிந்து பார்த்தால்தான் அந்தச் சிற்பியின் கை புரியும். உள்ளங்கை அகலக் கல்லில் ராமாயணக் காட்சி ஒன்று. பக்கத்திலேயே சிவபெருமானின் ஆடல். இந்தக் குறுஞ்சிற்பங்களில் விரல், இடுப்பு வளைவு எல்லாம் தெரிகின்றன. நிமிர்ந்தால் கூரைக்கு அடியில் பூதகணங்களின் வரிசை. வடபுறத்தில் எருமைத் தலைமேல் நிற்கும் துர்க்கையைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். எனக்கென்னவோ கீழே இருக்கும் சிறியவைதான் பெரிய வேலையாகப் படுகின்றன. இந்த இடத்தில் ஓர் அடி மண் போட்டால் என்ன ஆகும்?

தரையை உயர்த்துவதற்கு ஊர்க்காரர்கள் சொல்லும் காரணத்தையும் தள்ளிவிட முடியாது. சாலை போடும்போதெல்லாம் பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே போடுகிறார்கள். கோயில் தாழ்ந்துகொண்டே போக, மழைத் தண்ணீர் நேராக உள்ளே வருகிறது. சரி, அதற்கு வடிகால் அல்லவா வெட்ட வேண்டும்? மண் போட்டால் ஈரம் சுவரில் இன்னும் மேலேதான் ஏறும்.

அப்புறம் இந்த மணல் வீச்சு. எண்ணெய்ப் பிசுக்கு போகட்டும் என்று காற்றழுத்தத்தில் மணலை அடித்தால், பிசுக்கோடு சிற்பத்தின் மூக்கும் கல்வெட்டின் எழுத்தும் மழுங்குகின்றன. கூடாது என்று எத்தனை முறை சொன்னாலும் சின்னக் கோயில்களில் யார் வந்து பார்க்கிறார்கள்?

2015-இல் ஓர் ஆங்கில நாளிதழில் வந்த வாசகர் கடிதத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டு, 2021 ஜூனில் கோயில் பாதுகாப்புக்காக 75 உத்தரவுகள் பிறப்பித்தது. அந்தத் தைரியத்தில்தான் நானும் எழுதுகிறேன்.

நான் கேட்பது அதிகம் இல்லை. திருப்பணிக்கு அனுமதி தருமுன் அதிட்டானத்தை நாலு பக்கமும் படம் எடுத்து, பழைய தரைமட்டம் எது என்று கோப்பில் குறிக்க வேண்டும். ஏற்கெனவே புதைந்த கோயில்களில் தொல்லியல் தெரிந்தவர் மேற்பார்வையில் மண்ணை எடுத்துவிட்டு, வடிகால் அமைக்க வேண்டும். உபயதாரர்கள் டைல்ஸுக்குக் கொடுக்கும் பணத்தை அந்த வடிகாலுக்குக் கொடுக்கலாம்; பெயரை அங்கேயும் பொறித்துக்கொள்ளட்டும், யார் வேண்டாம் என்றார்கள்?

இப்படிக்கு,
வாசகர், பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்