மான்செஸ்டருக்கு முன்னால் கறிவேப்பிலைச் செடி

வடசென்னை மேல்நிலைப் பள்ளிகளின் விலங்கியல் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

பன்னிரண்டாம் வகுப்பில் பரிணாமப் பாடம் வந்தால் மான்செஸ்டர் அந்துப்பூச்சியும் கூடவே வந்துவிடும். 1848-ல் அபூர்வமாகத் தென்பட்ட கறுப்பு வகை, ஆலைப் புகையில் மரப்பட்டைகள் கறுத்ததும் அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஊரை நிறைத்த கதை. நல்ல பாடம்தான். ஆனால் நம் பிள்ளைகள் அந்தப் பூச்சியை எங்கே போய்ப் பார்ப்பார்கள்? தண்டையார்பேட்டை மாடிகளில் பெயின்ட் வாளியில் வளரும் கறிவேப்பிலைக்கு முட்டையிட வருகிற காமன் மார்மன் வண்ணத்துப்பூச்சியை அங்கேயே பார்க்கலாமே!

இதில் ஆண் ஒரே விதம். கறுப்பு இறக்கை, பின்னிறக்கையில் வெள்ளைப் புள்ளி வரிசை. பெண்ணுக்கோ மூன்று வேஷம். ஒன்று அச்சாக ஆண் மாதிரி, ஒன்று காமன் ரோஸ் என்ற வேறொரு வண்ணத்துப்பூச்சி மாதிரி, இன்னொன்று கிரிம்சன் ரோஸ் என்ற வண்ணத்துப்பூச்சி மாதிரி. ரோஸ் இரண்டும் ஆடுதின்னாப்பாளை வகைக் கொடிகளைத் தின்று வளர்ந்து உடம்பில் நஞ்சு ஏற்றிக்கொண்டவை. கசப்பு தெரிந்த பறவை கிட்டே போகாது. மார்மனுக்கு விஷமே கிடையாது, வெறும் உடைதான். உடம்பைப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்: ரோஸுக்குச் சிவப்பு உடம்பு, மார்மனுக்குக் கறுப்பு. டபுள்செக்ஸ் என்ற ஒற்றை மரபணு இந்த வேஷங்களைத் தீர்மானிக்கிறது என்று 2014-ல் கிருஷ்ணமேக் குண்டேயின் குழு நேச்சர் இதழில் காட்டியது.

உங்களிடம் கேட்பது இதுதான். ஒரு தாய் இட்ட முட்டைகளை மாணவர்கள் வலைமூடிய டப்பாவில் வளர்க்கட்டும். சின்னப் புழு காக்கை எச்சம் போலவே இருக்கும். வளர்ந்தால் பச்சை, சீண்டினால் சிவப்புக் கொம்பு நீட்டி நாறும். (வகுப்பில் கூச்சல் உறுதி.) கூட்டிலிருந்து வரும் அக்கா தங்கைகள் எல்லாம் ஒரே உடுப்பில் வருகிறார்களா என்று பிள்ளைகளே குறித்துவைக்கட்டும்.

அவரைக்கொடி அசுவினியைத் தின்ன வரும் பொறிவண்டிலும் இதைச் செய்யலாம். சிலதுக்கு முதுகில் கறுப்பு நெளிகோடு மெலிசு, சிலதுக்குத் தடிப்பு. ஆனால் அப்போதுதான் கூட்டிலிருந்து வந்ததை எண்ண வேண்டாம். வெளிறிக் கிடக்கும், கோலம் பிறகுதான் தெளியும். கறுப்பு கூடுதலாகத் தெரிந்தால் எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல்தான் காரணம் என்று எந்தப் பையனாவது நிச்சயம் சொல்வான். சாம்பல் மேல் எனக்கும் கோபம் உண்டு. ஆனாலும் அந்த முடிவை நோட்டில் எழுத விடாதீர்கள். பரம்பரையாக இருக்கலாம், கூட்டுப்புழுக் கால வெப்பமாகவும் இருக்கலாம்.

புழுவுக்கு மார்க்கெட் கறிவேப்பிலை போட வேண்டாம். மருந்து அடித்திருந்தால் செத்துவிடும். வீட்டுச் செடியில் பறித்ததே போதும்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு பெற்றோர்