கீச்சுச் சத்தம் பிடிபட்டது

வின்னிபெக்,
பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? போனில் பேசினால் பாதி நேரம் இந்த ஊர்க் குளிரை விசாரிப்பதிலேயே போய்விடுகிறது. வண்டி விஷயத்தை உங்களுக்கு விவரமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

போன வருஷம் வாங்கிய பழைய வேன் டிசம்பரிலிருந்து கத்த ஆரம்பித்தது. மைனஸ் 28-ல் வெளியே எடுத்தால் கீச் கீச் என்று ஒரே சத்தம். பின்சீட்டில் பாப்பா தூங்கவே மாட்டாள். ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ராத்திரி முழுக்க உள்ளே கதகதப்பில் நிறுத்திவிட்டுக் காலையில் பார்த்தார்கள். சத்தம் எப்படி வரும்? பார்த்த கூலி மட்டும் 150 டாலர்.

அப்புறம்தான் நம் நாமக்கல் பட்டறை ஞாபகம் வந்தது. லாரி வந்து நின்றால் நீங்கள் உடனே ஸ்பானரைத் தொட மாட்டீர்கள். நீளத் திருப்புளியின் முனையை இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பீர்கள். சரி, நாமும் முதலில் கேட்போம் என்று உங்கள் மருமகளை ஓட்டச் சொல்லிவிட்டு ஒவ்வொரு சீட்டாக மாறி உட்கார்ந்தேன். கேட்டால், சத்தம் இரண்டு! ஒன்று மடக்கு சீட்டின் கொக்கி காய்ந்து உரசுவது. துடைத்துக் கிரீஸ் தடவியதும் நின்றது.

மற்றது அடியில். இன்ஜினை அணைத்துவிட்டு முன்பக்க மூலையை அமுக்கினேன், அப்போதும் கீச். அதனால் இன்ஜின் இல்லை. வளைவில் வண்டி சாயாமல் தாங்கும் கம்பியான ஸ்டெபிலைசர் பாரைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்மேல்தான் சந்தேகம். இந்தக் குளிரில் ரப்பர் கட்டைபோல் இறுகிவிடுகிறது, கம்பி அதற்குள் திரும்பும்போது உரசுகிறது. கெட்டிலில் வெந்நீர் கொண்டுவந்து இடது புஷ்ஷில் ஊற்றினேன். சத்தம் குறையவில்லை. வலது புஷ்ஷில் ஊற்றி அமுக்கினேன், கப்சிப்! கீழே சிந்திய தண்ணீர் நான் கெட்டிலை வைத்துவிட்டு வருவதற்குள் சிமென்ட் தரையில் கண்ணாடிபோல் உறைந்திருந்தது.

பனி உருக ரோட்டில் போடும் உப்பால் போல்ட் எல்லாம் துரு. ராத்திரி எண்ணெய் விட்டு ஊறவைத்து மறுநாள் கழற்றினேன். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதே என்பீர்களே, இரண்டு ஸ்டாண்டு போட்டுத்தான் படுத்தேன். புஷ் ஜோடி 35 டாலர், இரண்டையும் மாற்றிவிட்டேன். ஒன்று அப்பா, ரப்பருக்கு நம் லாரி கிரீஸ் ஆகாது, நாளாவட்டத்தில் ஊதிவிடும். சிலிகான் கிரீஸ்தான் தடவினேன்.

திங்கட்கிழமை மைனஸ் 30. டயருக்கடியில் பனி நறநறப்பது மட்டும்தான் கேட்டது. வீடு வரும்வரை பாப்பா தூங்கினாள்.

இன்னும் ஒன்று பாக்கி. தள்ளு கதவு, பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் முனகுகிறது. பதிவு செய்து தம்பி போனுக்கு அனுப்பியிருக்கிறேன். ரோலரா, ஓரத்து ரப்பரா? கேட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். அதுவரை கதவைக் கழற்ற மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் மகன்